மோதினார் முடிக்காத அறிவித்தல்

கண்டக்குழியில் எங்கள் வாப்பாவின் பெயர் இன்னொருவருக்கும் இருந்தது. வள்ளங்களுக்கு ஐஸ் விற்பவர். பெயரைச் சொன்னால், "எந்த ஆள், நெட்டையா ஐஸா?" என்று கேட்பார்கள். நெட்டை என்றால் வாப்பா, குழப்பம் தீர்ந்தது. ஆனால் யாராவது இறந்து, பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மவுத்து அறிவிக்கும்போது மட்டும் பட்டப்பெயர் கூடாது. மையித்துக்கு மரியாதை இல்லையாம். பெயருக்குப் பின்னால் இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்னாரின் மச்சான் என்று, பாங்கு சொல்லும் மோதினார் நீட்டிக்கொண்டே போவார். அந்த வால் முடியும்வரை ஊர் அசையாது. எனக்கோ அதுதான் பிடிக்கும். யார் யாருக்கு என்ன முறை என்று நான் படித்ததே அதில்தான்.

மூன்றாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள், சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு, மோதினார் வாப்பாவின் பெயரைச் சொன்னார். சொன்னதும் கரண்ட் போய்விட்டது.

விடியக் கடலுக்குப் போன வாப்பாவின் வள்ளம் இன்னும் கரை திரும்பவில்லை. உம்மா மீன் அரிந்த கையோடு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். மாமா சைக்கிளை எடுத்தார். நான் பின்னால் தொற்றிக்கொண்டேன்.

மோதினார் பள்ளிவாசல் படியில் நின்று கரண்ட்காரரை ஏசிக்கொண்டிருந்தார்.

"எந்த ஆள், மோதினார்?" மாமா சைக்கிளில் இருந்தபடியே கேட்டார்.

"ஐஸ்டா தம்பி, ஐஸ்! ஆஸ்பத்திரியில மவுத்தாம்." சொன்னவர் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "அஸ்தஃபிருல்லாஹ்" என்றார்.

மாமா மதிலில் சாய்ந்து அழுதார். நான் காத்திருக்கவில்லை, உம்மாவிடம் சொல்ல ஓடினேன். ஐஸ்காரரின் மகள் என் வகுப்புக்காரி. ஓதிவிட்டு வந்தவள், குர்ஆனை நெஞ்சோடு அணைத்தபடி எங்கள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கை முனையில் நின்றாள். அவளும் அந்தப் பெயரைக் கேட்டிருந்தாள்.

"யார்ட வாப்பாடி?" என்றாள்.

கையைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். "எங்க வாப்பா இல்லடி! எங்க வாப்பா இல்ல!"

அவள் கையை மெல்ல உருவிக்கொண்டாள்.

அப்போது கரண்ட் வந்தது. மோதினார் முதலிலிருந்து தொடங்கினார். மகன், கணவர், மச்சான் எல்லாம் முடிந்து, கடைசியில் இன்னாரின் வாப்பா என்று அவளுடைய பெயரும் வந்தது. ஊர் முழுக்கக் கேட்கத் தன் பெயரைச் சொல்லியும் இவள் ஏன் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் நிற்கிறாள் என்று, வீடு வரும்வரை யோசித்துக்கொண்டே ஓடினேன்.