சாம்பல் நிறக் கண்களைப் பற்றி நான் சொன்ன கருத்து

அந்தக் கதாநாயகனின் கண்கள் சாம்பல் நிறம். அத்தியாயத்துக்கு ஒரு தடவையாவது நாவலாசிரியர் அதைச் சொல்லாமல் விடமாட்டார். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. அந்தக் கண்களின் மேல் எனக்குத் தாங்கமுடியாத எரிச்சல். என் சித்திக்கோ அந்தக் கண்கள் என்றால் உயிர்.

சித்தி, அம்மாவின் கடைசித் தங்கை. தாத்தா வீடு ஸ்ரீமுஷ்ணத்தில் இருந்தது. எம்.எஸ்ஸி. படிப்பதற்காக அவள் சிதம்பரத்தில் எங்களோடு தங்கியிருந்தாள். பாடப் புத்தகங்களுக்கு நடுவே அவளிடம் எப்போதும் ஓர் ஆங்கில நாவல் இருக்கும். பதின்வயதுப் பிள்ளைகளுக்காக எழுதப்படும் வகை. அட்டையில் ஒரு பெண் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தலைமுடி பறக்க, எதையோ வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்பாள். முதலில் சித்தி படிப்பாள், பிறகுதான் நான். இந்த வரிசை மாறியதே இல்லை. நான் படித்து முடித்ததும் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே இருவரும் சண்டை போடுவோம்.

அந்த வருடத்துச் சண்டை மூன்று பாக நாவல் ஒன்றைப் பற்றியது. உலகம் முழுக்கத் தண்ணீரில் மூழ்கிவிடுகிறது. மிச்சமிருக்கும் மனிதர்கள் படகுகளில் வாழ்கிறார்கள். பதினாறு வயதுப் பெண் ஒருத்தி கரையைத் தேடித் துடுப்புப் போடுகிறாள். அவளைக் காதலிக்க இரண்டு பையன்கள். ஒருவன் சாம்பல் கண்ணன், படகுக் கூட்டத்துத் தளபதியின் மகன், வாயைத் திறக்கவே மாட்டான். இன்னொருவன் மோட்டார் ரிப்பேர் செய்பவன், ஜோக் அடிப்பவன். இரண்டாம் பாகத்தின் முடிவில், கரைக்கு வழிகாட்டும் வரைபடத்தைச் சாம்பல் கண்ணன் அவளுக்குத் தெரியாமல் ஒளித்துவைத்துவிடுகிறான். போனால் அவளுக்கு ஆபத்தாம்.

"எவ்ளோ பாசம் பாத்தியா அவனுக்கு" என்பாள் சித்தி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தச் சமயத்தில்தான் சித்திக்கு நிச்சயம் ஆகியிருந்தது. மாப்பிள்ளைக்கு மேல்பட்டாம்பாக்கம், வேலை சென்னையில். நல்ல மனிதர், குடியில்லை, சிகரெட் இல்லை என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். தையில் கல்யாணம். இரண்டாம் வருடப் படிப்பை நிறுத்திவிடலாம், அலைச்சல் வேண்டாம் என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார். தாத்தா சரி என்றார், அப்பா சரி என்றார், சித்தியும் சரி என்றுதான் சொன்னாள். எனக்கு இதிலெல்லாம் கவனம் இல்லை. மூன்றாம் பாகம் எப்போது கைக்கு வரும் என்பது ஒன்றே என் கவலை.

கடலூரில் புத்தகக் கண்காட்சி போட்டார்கள். அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குப் 'படித்ததில் பிடித்தது' என்று ஒரு பேச்சுப் போட்டி. ஆளுக்கு மூன்று நிமிடம். சித்தியே என் பெயரைக் கொடுத்தாள், சித்தியே பேச்சையும் தயார் செய்தாள். காதலும் தியாகமும் கலந்த பேச்சு. ஒரு வாரம் என்னை மனப்பாடம் செய்யவைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏற்றிக் கூட்டிப்போனாள். மாப்பிள்ளையும் அங்கே வந்திருந்தார். அம்மாவுக்கு அது தெரியும், தாத்தாவுக்குத் தெரியாது. அவரை இப்போதே சித்தப்பா என்று கூப்பிடச் சொல்லி எனக்கு உத்தரவு.

மேடை ஏறி வணக்கம் சொன்னேன். கதைச் சுருக்கம் சொன்னேன். "அவனுடைய மௌனமே அவனுடைய காதல்" என்ற வரி வரைக்கும் தடங்கல் இல்லை. அதற்குப் பிறகு ஒரு சொல்லும் வரவில்லை. மைக் கொய்யென்றது. முன்வரிசையில் சித்தி வாயை அசைத்து அசைத்து எடுத்துக்கொடுத்தாள். எனக்கு அது காதில் ஏறவில்லை. சட்டென்று மொட்டை மாடியில் பேசுவதுபோல் பேசத் தொடங்கிவிட்டேன்.

"எனக்கு அவனப் புடிக்கலீங்க. இந்தக் கதையில நெறைய விஷயம் புடிக்கல. நாள் முழுக்கத் துடுப்புப் போடுற பொண்ணுக்குக் கை பூ மாதிரி இருக்குன்னு எழுதியிருக்காங்க. இத எழுதுனவங்க பிச்சாவரத்துல ஒரு நாள் படகு ஓட்டிப் பாக்கணும். எங்க தெருவுல வெள்ளம் வந்தப்ப யாரும் யாரு கண்ணையும் பாத்துக்கிட்டு நிக்கல. அடுப்ப எங்க தூக்கி வக்கிறது, கக்கூஸுக்கு எங்க போறதுன்னுதான் பாத்தாங்க."

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு என்னைத் தூக்கிக்கொண்டு போனது. எல்லாப் புத்தகத்திலும் ஏன் பதினாறே வயது, ஏன் எப்போதும் இரண்டு பையன்கள், அப்பா அம்மாவை ஏன் முதல் அத்தியாயத்திலேயே கொன்றுவிடுகிறார்கள் என்று கேட்டேன். பிறகு சாம்பல் கண்ணனுக்கு வந்தேன்.

"காப்பாத்தத்தான் ஒளிச்சு வச்சேங்கிறான். சரிங்க. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, 'நீ எங்க போவணும்'னு அவகிட்ட கேட்டானா?"

மணி அடித்தார்கள்.

"நேரமாச்சும்மா" என்றார் நடுவராக இருந்த பெண்மணி.

"மிஸ், ரெண்டாவது பையனப் பத்தி இன்னும் சொல்லவே இல்ல மிஸ்! அவன் சிரிக்க வக்கிறான் இல்ல, அதனால மூணாம் பாகத்துல செத்துடுவான் பாருங்க!"

மைக்கை வாங்கிக்கொண்டார்கள். கைதட்டல் பந்தலைப் பிய்த்தது. நேரத்தை மீறியதால் பரிசு கிடையாது என்றார்கள். யாருக்கு வேண்டும் பரிசு! இறங்கி வரும்போது என் கால் தரையில் படவில்லை.

"நல்லா பேசுறா. ஆனா கதைய கதையாத்தான் பாக்கணும்" என்று மாப்பிள்ளை சிரித்தார். கடையில் மூன்று ரோஸ் மில்க் சொன்னார்.

"எனக்கு டீ போதும்" என்றாள் சித்தி.

"இந்த வெயில்ல டீ எதுக்கு? இது குளிர்ச்சி, குடி."

நான் என்னுடையதையும் குடித்துவிட்டுச் சித்தி தொடாமல் வைத்திருந்ததையும் குடித்தேன். மிக நல்ல சித்தப்பா என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது சித்தியின் மடியில் மூன்றாம் பாகம் இருந்தது, கண்காட்சியில் வாங்கியது. பேச்சை மாற்றிவிட்டதற்குத் திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். ஆலப்பாக்கம் தாண்டும்வரை அவள் புத்தகத்தின் அட்டையையே தடவிக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, அவன் கெட்டவன் இல்லல்ல?" என்றாள் திடீரென்று.

எனக்கு உற்சாகம் பொங்கியது. சித்தி தானாகவே சண்டைக்கு வருகிறாள்!

"கெட்டவன்னு யாரு சொன்னா? நல்லவன்தான். அதான் கஷ்டமே. கெட்டவனா இருந்தா மொத பாகத்துலயே அவ படக எடுத்துக்கிட்டுப் போயிருப்பா."

"எல்லாரும் அவன் சொல்றதுதான் சரிங்கிறாங்களே. அவ அப்பாகூட."

"அவ அப்பாதான் மொத அத்தியாயத்துலயே செத்துட்டாரே சித்தி!"

"ஆமால்ல" என்றாள். சித்திக்குக் கதையே மறந்துபோச்சு என்று நான் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன்.

"சரி, அவ என்னதான் பண்ணணுங்கிற?"

"வரைபடத்தக் குடுடான்னு கேக்கணும். குடுத்தா சேர்ந்து போலாம். குடுக்கலன்னா தனியாப் போவணும்."

"பயமா இருக்காதா?"

"இருக்கும். துடுப்புப் போடத்தான் தெரியுமே அவளுக்கு."

சித்தி என்னையே பார்த்தாள். பிறகு புத்தகத்தை எடுத்து என் மடியில் வைத்தாள். "இந்தா, நீயே மொதல்ல படி."

நான் ஏன் என்று கேட்கவில்லை. எங்கே மனம் மாறிவிடுவாளோ என்று அந்த நிமிடமே பக்கத்தைப் பிரித்துவிட்டேன்.

சில நாட்கள் கழித்து ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து தாத்தா வந்தார். படிப்பை முடித்த பிறகுதான் கல்யாணம் என்று சித்தி மாப்பிள்ளையிடம் போனில் சொல்லியிருந்தாள். ஒரு வருடம் காத்திருக்க மாப்பிள்ளை வீட்டாருக்கு இஷ்டமில்லை. சம்பந்தம் முறிந்தது. கூடத்தில் தாத்தா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார், அம்மா அழுதுகொண்டிருந்தாள். காலேஜ் சிநேகிதிகள் கெடுத்துவிட்டார்கள் என்றார் அப்பா. செல்போன்தான் காரணம் என்றார் தாத்தா. ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை.

அந்த நேரம் பார்த்து நான் கடைசிப் பக்கத்தை முடித்துவிட்டு, உள்ளறையில் இருந்த சித்தியிடம் ஓடினேன்.

"சித்தி, செத்துட்டான்! ரெண்டாவது பையன் செத்துட்டான்! நான் சொன்னேன்ல!"

கூடத்தில் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். சித்தியின் கண் வீங்கியிருந்தது. ஆனாலும் சிரித்துவிட்டாள்.

"அவ என்ன ஆனா?"

"தனியாப் படக எடுத்துக்கிட்டுப் போறா. கரை வந்துச்சா, வரலயான்னே எழுதல. மட்டமான முடிவு."

"போனாள்ல?"

"போனா. ஆனா கரை?"

"அவ போனாளே, அது போதும்டி" என்று சொல்லி, என்னை இழுத்து இறுக்கிக்கொண்டாள்.

அத்தனை பக்கம் படித்தவர்களுக்கு ஒரு கரையைக் கூடக் காட்டாத கதை எப்படிப் போதும்? சித்திக்கு நாவல் படிக்கவே தெரியவில்லை என்று நான் தீர்மானித்தேன். அவளுடைய பிடியிலிருந்து திமிறி விலகி, எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவளுக்கு விளங்கும்படி மூன்றாம் பாகத்தை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.