டெஸ்ஸின் முதுகுக்குப் பின்னால்

ராஸ் ஷீஹன் முப்பது வருஷமாகச் சைக்கிள் ஓட்டுகிறாள். இத்தனை வருஷத்தில் அவள் பார்த்த இயற்கைக் காட்சியில் பெரும்பகுதி அவள் கணவன் டெஸ்ஸின் முதுகு. எங்கள் மெர்ரிங்காவில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் கிடையாது. டெஸ் ஆட்டு ரோமம் கத்தரித்துப் பிழைத்தவன், கதவு அகலத்துக்கு முதுகு. ராஸ் குள்ளம், ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. அவன் காற்றைக் கிழித்துக்கொண்டு முன்னால் போவான். இவள் அவன் பின்சக்கரத்தை ஒட்டினாற்போலவே போவாள். எங்கள் பக்கத்தில் மேடு பள்ளமெல்லாம் கிடையாது. கோதுமை வயலும் காற்றும்தான். அந்தக் காற்றை எதிர்த்து மிதிப்பதற்கு எத்தனை மலை வேண்டுமானாலும் ஏறிவிடலாம்.

வருஷா வருஷம் நவம்பரில் எங்கள் சைக்கிள் சங்கம் கூட்டமாகக் கிளம்பி, ஊர் ஊராகத் தங்கி, போர்ட்லண்ட் கடற்கரை வரைக்கும் போகும். பையெல்லாம் லாரியில் வந்துவிடும். மதியம் ஏதாவது ஒரு ஃபுட்பால் மைதானத்தில் சாப்பாடு தயாராக இருக்கும். எல்லோருக்கும் கடைசியில் ஒரு வேன் வரும், துடைப்ப வண்டி என்று பெயர். முடியாதவர்களை அள்ளிப் போட்டுக்கொள்வது அதன் வேலை. அதில் ஏறுவது கேவலமில்லை என்று சங்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் ஏறியவர்தான் அன்று எல்லோர் தட்டையும் கழுவ வேண்டும். நான் கழுவாத வருஷம் கிடையாது.

போன மார்ச்சில் டெஸ்ஸுக்கு இதய ஆபரேஷன் ஆயிற்று. இனிமேல் சைக்கிள் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனுஷன் வீட்டில் உட்கார்ந்து கருகிப்போகக் கூடாதே என்று, சங்கத்தில் துடைப்ப வண்டியை அவனிடம் கொடுத்தார்கள். ராஸ் இந்த வருஷம் வரமாட்டாள் என்று எல்லோரும் தாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டார்கள். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அதுதான் அவளுக்கு எரிச்சல். பேக்கரியில் ரொட்டி வாங்கிக்கொண்டே, போர்ட்லண்ட் வரைக்கும் மிதித்தே போகப் போவதாக அறிவித்துவிட்டாள்.

ஆகஸ்டில் பயிற்சியைத் தொடங்கினாள். அது மேக்பைப் பறவை கூடு கட்டுகிற காலம். தலைக்கு மேலே வந்து கொத்திவிட்டுப் போகும், அதற்காக நாங்கள் ஹெல்மெட்டில் கேபிள் டை என்கிற பிளாஸ்டிக் பட்டைகளை முள்ளம்பன்றி மாதிரி நிறுத்தி வைத்துக்கொள்வோம். சைலோ என்கிற கோதுமைக் கிடங்குப் பக்கத்து யூகலிப்டஸ் மரத்தில் ஒரு பொல்லாத மேக்பை இருந்தது. அதை விரட்டுகிறேன் பேர்வழி என்று டெஸ் தன் பிக்கப் வண்டியை அவளுக்கு முன்னால் ஓட்டிக்கொண்டு போனான், பக்கத்தில் அவன் நாய் பிஸ்கட். மரத்தைத் தாண்டிய பிறகும் அவன் ஒதுங்கவில்லை. நாளுக்கு நாள் ராஸுக்கு வேகம் கூடியது. முப்பது வருஷம் வீணாகப் பின்னால் போய்விட்டேனே என்று என்னிடமே பீற்றிக்கொண்டாள்.

லைல் ஷுல்ட்ஸ் என்று ஒருவன், மாட்டுத் தீவனக் கடைக்காரன், எங்கள் பயணத்துக்குத் தலைவன். நல்லவன்தான், ஆனால் சட்டம் என்றால் சட்டம். பயணத்துக்கு முன்னால் நாட்டிமக் என்கிற ஊர் வரை போய் வருகிற ஒத்திகையை வேனில் ஏறாமல் முடித்தவர்களுக்குத்தான் சைக்கிளில் இடம். முடியாதவர்கள் லாரியில் வந்து சாண்ட்விச் போடலாம்.

அக்டோபரில் அந்த ஒத்திகை நடந்தது. எனக்கு முழங்கால் பிடித்துக்கொண்டு, போகும்போதே வேனில் ஏறிவிட்டேன், இந்த வருஷம் எனக்கு லாரியும் சாண்ட்விச்சும்தான். பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்தால், ராஸ் முன்னால் தடுமாறிக்கொண்டிருந்தாள். காற்று எதிரே வந்தது. மற்றவர்கள் கண்ணுக்கே தெரியாத தூரத்துக்குப் போய்விட்டார்கள். பாதி வழியில் அவள் இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சாலையோரம் நின்றுவிட்டாள். டெஸ் வேனை நிறுத்தினான். இறங்கி வந்து சைக்கிளைப் பின்னால் ஏற்றினான்.

முன்சீட்டுக் கதவைத் திறந்த ராஸ் அப்படியே நின்றாள். சீட்டில் ஒரு மெத்தென்ற தலையணை. அதன்மேல் அவளுடைய நீல ஸ்வெட்டர், பக்கத்தில் டீ ஃபிளாஸ்க்.

"இது எதுக்கு?"

"உனக்குத்தான். இடுப்பு வலிக்கும்ல."

"காலைலயே வச்சியா?"

டெஸ் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப நான் ஏறுவேன்னு உனக்கு முன்னாடியே தெரியும். இத்தனை நாள் சிட்டாப் பறந்தவ இன்னைக்கு நொண்டுவேன்னு தெரியும்." சொல்லிக்கொண்டே வரும்போதே அவளுக்கு உறைத்துவிட்டது. முகம் மாறியது. "மேக்பையாம் மேக்பை. காத்தைத்தான் மறைச்சுக்கிட்டு போயிருக்க."

"ஆமா, மறைச்சேன். எனக்கு வேற என்ன பண்ணத் தெரியும் ராஸ்? முப்பது வருஷமா அதைத்தானே பண்றேன்."

எனக்கு வேனை விட்டு இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது. ராஸ் அழவில்லை. பின்னால் போய்ச் சைக்கிளைத் தானே இறக்கினாள். சைக்கிள் ஒரு தடவை வேனில் ஏறிவிட்டது, ஒத்திகை செல்லாது, அது அவளுக்கும் தெரியும். இருந்தும் அந்தக் காற்றில் உருட்டியும் மிதித்தும் நாட்டிமக் போய், அங்கிருந்து ஊர் வந்து சேர்ந்தாள். அன்று சாயங்காலம் சங்கத்துக் கொட்டகையில் நானும் அவளுமாகத் தட்டுக் கழுவினோம். ஒவ்வொரு தட்டையும் அவள் தேய்த்த தேய்ப்பில் அதில் போட்டிருந்த பூவெல்லாம் அழிந்திருக்கும்.

பிறகு லைலின் கடைக்குப் போய் இன்னொரு வாய்ப்புக் கேட்டாள். சட்டத்தில் ஒரே ஒத்திகை என்று எங்கேயும் இல்லையே என்றாளாம். லைல் தலையைச் சொறிந்துவிட்டு ஒப்புக்கொண்டான். டெஸ்ஸை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டாள். காலையில் வேலைக்குப் போகுமுன் காற்று எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கமாகவே போனாள். மேக்பை காதில் கொத்தியது, ரத்தத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்து கஞ்சி காய்ச்சினாள். குனிந்து ஓட்டவும் கியரைக் குறைத்துக்கொண்டு பொறுமையாக மிதிக்கவும் அறுபது வயதுக்கு மேல் கற்றுக்கொண்டாள். டெஸ் அந்த நாட்களில் பிஸ்கட்டோடு தபாலாபீஸ் வாசலில் நின்று, போகிற வருகிறவர்களிடம் காற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

இரண்டாவது ஒத்திகையில் எதிர்காற்று முன்னைவிட மோசம். வேனை டெஸ்தான் ஓட்டினான், ஆனால் இன்ஜின் சத்தம் அவள் காதில் விழாத தூரத்தில் வந்தான். நாட்டிமக்கில், காரில் முன்னாலேயே போய்க் காத்திருந்த நாங்கள் எல்லோரும் ரொட்டியில் சாசேஜ் வைத்துத் தின்று முடித்து வெகுநேரம் கழித்து ராஸ் வந்தாள். யாரும் கைதட்டவில்லை, தட்டியிருந்தால் திட்டியிருப்பாள். லைல் அவளுக்கென்று எடுத்துவைத்த சாசேஜின் மேல் வெங்காயத்தை அள்ளி வைத்துக் கொடுத்தான். திரும்பி வரும்போது காற்று முதுகில் தள்ள, ஊர் வரை பாட்டுப் பாடிக்கொண்டே வந்தாள். பாட்டுதான் சகிக்கவில்லை.

ஆனாலும் வீட்டில் இரண்டு பேருக்கும் பேச்சு அளவாகத்தான் இருந்தது. ஒத்திகை ஒரு நாள், பயணம் ஆறு நாள், அதில் என்றைக்காவது அவள் ஏறத்தான் போகிறாள் என்று அவன் நினைப்பதாக அவளுக்குப் பட்டது. அந்தத் தலையணையை அவன் வேனிலிருந்து எடுக்கவில்லை என்பதை அவள் பார்த்து வைத்திருந்தாள். என்னிடம் அதை இரண்டு தடவை சொன்னாள். அவளுக்கு அது எவ்வளவு வலித்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

கிளம்புகிற அன்று மைதானத்தில் ஒரே இரைச்சல். பைகளை லாரியில் ஏற்றியாகிவிட்டது. தெற்கிலிருந்து, நாங்கள் போக வேண்டிய திசையிலிருந்தே, காற்று அடித்தது. ராஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வேன் பக்கம் போனாள். நானும் பின்னாலேயே போனேன், வேடிக்கை பார்க்கத்தான். முன்சீட்டில் தலையணை இருந்தது. அதன்மேல் நீல ஸ்வெட்டர். அதன்மேல் பிஸ்கட் சுருண்டு படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

"அது உக்காந்துட்டா போர்ட்லண்ட் வரைக்கும் எழுந்திரிக்காது," என்றான் டெஸ். "உனக்கு எடம் இல்ல ராஸ்."

அவள் சைக்கிளை வேனில் சாய்த்து நிறுத்தினாள். பிறகு ஜன்னல் வழியாகக் கையை விட்டு, நாய்க்கு அடியில் மடங்கிக் கிடந்த ஸ்வெட்டர் கையை இழுத்து அதன்மேல் போர்த்திவிட்டாள்.

"கண்ணாடிய ஏத்தி விடு," என்றாள். "காத்து அடிக்குது."