சித்தி சொல்லிக்கொடுத்த பதில்

படுக்கையறை ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு சித்தி உட்கார்ந்திருப்பார். வெளியே பால்கனியில் அக்கா நிற்க வேண்டும். சித்திதான் விசா அதிகாரி. பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக ரேஷன் கார்டைக் கம்பி வழியாக நீட்டுவாள் அக்கா. சித்தி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வகுப்பில் பேசும் அதே ஆங்கிலத்தில், ஏன் இந்தப் பல்கலைக்கழகம், படிப்பு முடிந்ததும் என்ன செய்வாய் என்று கேட்பார். பக்கத்தில் துணி உலர்த்திக்கொண்டிருக்கும் எனக்குச் சிரிப்பு வரும். சித்தி சிரிக்கவே மாட்டார்.

சித்தி என் அம்மாவின் தங்கை. மயிலாப்பூரில், மாதா கோயில் மணி காதில் விழும் தூரத்தில் ஒரு கான்வென்ட் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. அவருடைய ஒரே மகள்தான் அக்கா; அவள் சின்னவளாக இருந்தபோதே சித்தப்பா இறந்துவிட்டார். கச்சேரி சாலையை ஒட்டிய இரண்டாம் மாடி வீட்டில் தாயும் மகளும் மட்டும். கீழ் வீடு எங்களுடையது. அக்கா தரமணியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே அமெரிக்காவில் மேல்படிப்புக்கு விண்ணப்பித்தாள். இடமும் கிடைத்தது. முதல் நேர்காணலில் விசா மறுத்துவிட்டார்கள். திரும்பி வருவாள் என்ற நம்பிக்கை அவர்களுக்கு வரவில்லை.

அன்று அக்கா சாப்பிடாமல் படுத்துவிட்டாள். சித்தி தட்டை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“எதுக்குத் திரும்பி வருவேன்னு கேட்டதுக்கு நீ வேலை, கம்பெனின்னு சொன்ன. வேலை அங்கயும்தான் கெடைக்கும். எனக்காக வருவேன்னு சொல்லு. நான் ஒருத்தி இங்க தனியா இருக்கேன்ல?”

அதன் பிறகுதான் ஜன்னல் ஒத்திகை தொடங்கியது. சித்தி ஒரு பதிலை வாக்கியம் வாக்கியமாகச் செதுக்கிக் கொடுத்தார். என் அம்மா மயிலாப்பூரில் இருக்கிறார். அவர் ஓர் ஆசிரியை. நான் அவருடைய ஒரே மகள். எனக்காகக் காத்திருப்பார், நான் திரும்பியே ஆக வேண்டும். பீன்ஸ் நறுக்கும்போதும், மாவு அரைக்கும்போதும் சித்தி திடீரென்று கேள்வியைக் கேட்பார். யோசிக்காமல் வர வேண்டும் என்பார். யோசித்தால் பொய் மாதிரி தெரியுமாம்.

அந்த மாதங்களில் சித்தியின் பாதங்கள் வீங்கத் தொடங்கின. மாடி ஏறும்போது எங்கள் வாசலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் மேலே போவார். அக்கா டாக்டரிடம் போகலாம் என்று சண்டையே போட்டாள். “உன் இன்டர்வியூ முடியட்டும்டி. இப்போ நான் ஆஸ்பத்திரில போய்ப் படுத்தா நீ கெளம்பவே மாட்ட” என்று சித்தி அடக்கிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கோயில் படிகளிலேயே உட்கார்ந்துவிட்டார். அடையாறு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள், ஆட்டோவில் அக்காவின் மடியிலேயே உயிர் போய்விட்டது. இதயம் வெகுநாளாகப் பழுதாகியிருந்தது, முன்பே கூட்டி வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டபோது அக்கா அழக்கூட இல்லை.

அடக்கம் முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, இரண்டாவது நேர்காணல் வந்தது. அக்கா போகமாட்டேன் என்றாள். என் அம்மாதான் அவள் தலையை வாரிவிட்டு, “அவ உசிரோட இருக்கறப்போ ஆசப்பட்டது இது ஒண்ணுதான். போயிட்டு வா” என்று அனுப்பி வைத்தார். துணைக்கு நான் போனேன்.

தூதரகத்துக்கு எதிரே, மேம்பாலத்து நிழலில், வந்த ஆட்டோவையே நிறுத்தி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அக்கா வெளியே வந்தபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை. ஆட்டோக்காரர் அவளைப் பார்த்துவிட்டு, “இன்னாம்மா, இல்லேன்ட்டானா? வுடும்மா, அடுத்த தபா பாத்துக்கலாம்” என்றார்.

“கெடைச்சிடுச்சு” என்றாள் அக்கா.

ஆட்டோ லஸ் முனையைத் தாண்டியதும் அவள் என் பக்கம் திரும்பினாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா இருக்காங்கன்னு சொல்லிட்டேன்டி. பொய் சொல்லணும்னு நெனைக்கல. இங்க யார் இருக்காங்கன்னு கேட்டான். அம்மா சொல்லிக்குடுத்தது அப்படியே வாய்ல வந்துடுச்சு. என்ன பாடம் எடுக்கறாங்கன்னு கேட்டான். இங்கிலீஷ்னு சொன்னேன். உனக்கு நல்லாத்தான் சொல்லிக்குடுத்திருக்காங்கன்னு சிரிச்சான்.”

சித்தியின் முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகு அக்கா புறப்பட்டாள். படித்தாள், அங்கேயே வேலையிலும் சேர்ந்தாள். இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட ஊருக்கு வரவில்லை. வந்தால், திரும்பிப் போக மறுபடியும் விசா வாங்க வேண்டும், மறுபடியும் கேள்விகள் கேட்பார்கள் என்ற பயம்தான் காரணம் என்று நான் நினைத்திருந்தேன். போன கல்லறைத் திருநாளன்று, சித்தியின் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்து போனில் பேசும்போது அதைக் கேட்டே விட்டேன்.

“அது மட்டும் இல்லடி” என்றாள். “இங்க வந்த புதுசுல எல்லாரும் வீட்டுல யார் இருக்காங்கன்னு கேட்டாங்க. அதே பதில்தான் வந்துச்சு. அப்புறம் மாத்தவே முடியல. ஆபீஸ்ல, பக்கத்து வீட்டுல எல்லாருக்கும் அம்மா மயிலாப்பூர்ல டீச்சரா இருக்காங்க. ஊருக்கு வந்துட்டுப் போனா, அம்மா எப்படி இருக்காங்கன்னு கேப்பாங்க இல்ல?”

 பிறகு அவளே வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

சென்ற மாதம் அவளுடன் வேலை செய்பவர் ஒருவர் விடுமுறைக்குக் கொட்டிவாக்கம் வந்திருந்தார். அக்கா ஒரு பார்சல் கொடுத்தனுப்பியிருக்கிறாள் என்று போய் வாங்கி வந்தேன். கிளம்பும்போது அவர், “ஆன்ட்டி நல்லா இருக்காங்களா? நேர்ல பாக்கணும்னு நெனைச்சேன், டைம் இல்ல” என்றார். நான் தலையை ஆட்டினேன். வீட்டுக்கு வந்து பிரித்தால், உள்ளே கையால் பின்னிய நீல நிறக் கம்பளிச் சால்வை. அக்காவின் பக்கத்து வீட்டுப் பாட்டியம்மா அவள் அம்மாவுக்காகவே குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து பின்னியதாம். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லையாம்.

மடித்துப் பீரோவில் வைத்திருக்கிறேன். யாருக்குக் கொடுப்பது என்று தெரியவில்லை.