லைட்டை அணைத்தால்தான் தெரியும் நட்சத்திரம்

போன பெப்ரவரியில் கண்டியிலிருந்து மடுல்கெல்லவுக்குப் போனது ஒரு நட்சத்திரம் மங்குவதைப் பார்க்கத்தான். சிரிக்காதீர்கள். என் தோழி சசிகலா பௌதிகம் படிப்பவள், மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். ஓரியன் வேட்டைக்காரனின் இடுப்புப் பட்டிக்குச் சற்றுக் கீழே இருக்கும் ஒரு நீல நட்சத்திரம் அவளை ஆட்டிப்படைக்கிறது. சூரியனைவிடப் பல மடங்கு பாரம், பயங்கரச் சூடு. ஆனாலும் இருபத்தெட்டரை மணி நேரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிடும். அதன் காந்தப்புலம் வெளியேறும் வாயுவைப் பிடித்துக் கூடவே இழுத்துச் சுற்றுகிறது. அந்த வாயு நமக்குக் குறுக்கே வரும்போது ஒளி மங்கும். மங்கத் தொடங்கும் நேரம் கிடைத்தால், பழைய கணக்கோடு ஒப்பிட்டு, சுழற்சி எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று சொல்லலாம். இரண்டு தடவை மேகம் மூடிக் கெடுத்துவிட்டது. அறிக்கை கொடுக்கும் நாள் நெருங்கியதால் இதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு.

பகல் 1.15 பஸ், வத்தேகம வழியாக இரண்டு மணி நேரம், டிக்கெட் 170 ரூபா. தொலைநோக்கியை மடியில் வைத்திருந்த எனக்குக் கால் மரத்தே போனது. டவுனிலிருந்து தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு நான்கு கிலோமீட்டர், த்ரீவீலுக்கு 600 ரூபா.

"என்னா விசேசம் மிஸ்?" என்றார் சாரதி.

"நட்சத்திரம் பார்க்க வந்தோம்" என்றேன். அதோடு வாயை மூடிக்கொண்டதுதான் என் தப்பு.

சசியின் சித்தி லெட்சுமி வீட்டில் ரொட்டியும் கட்டச்சம்பலும் வெளுத்துக்கட்டிவிட்டு, 6.45க்கு மைதானத்துக்குப் போனோம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கோயில் சீரியல் பல்புகள், இரண்டு பெரிய போக்கஸ் லைட், எல்லா வீட்டு வாசலிலும் வெளிச்சம்! சாரதி தோட்டத் தலைவருக்குப் போன் போட்டிருக்கிறார். விருந்தாளி வந்தால் மைதானத்துக்கு லைட் போடுவது அங்கே வழக்கம்.

"நல்லா பாருங்க மிஸ்" என்றார் தலைவர், பெருமையாக.

ஒளி மங்க இன்னும் முக்கால் மணி நேரம்தான். பிறந்த இடத்து மரியாதையை எப்படி வேண்டாம் என்பது? கடைசியில் சசி சித்தியின் காதில் விஷயத்தைச் சொன்னாள்.

"அடியே, இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்ற சித்தி, லயத்தைப் பார்த்துக் கத்தினார். "எல்லாரும் லைட்ட அமத்துங்க! நம்ம சசிக்கு இருட்டு வேணுமாம்!"

ஏழு மணிக்கெல்லாம் ஒரே இருட்டு. கூட்டமாக வந்து எங்களைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். காந்தப்புலம் வாயுவைச் சுமந்து சுற்றுவதால் நட்சத்திரம் மெல்ல மெல்ல வேகம் குறைகிறது என்று சசி விளக்கினாள்.

"கொழுந்து நெறஞ்ச கூடையோட நடந்து பாரு, நாங்களும் அப்படித்தான் வேகம் கொறஞ்சிருவோம்" என்றார் சித்தி. சசிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

7.34க்கு, தொலைநோக்கியோடு இணைத்திருந்த கணினித் திரையில் ஒளி அளவைக் காட்டும் புள்ளிகள் கீழே இறங்கத் தொடங்கின. சசி "எறங்குது!" என்று கத்த, கிரிக்கெட்டில் விக்கெட் விழுந்ததுபோல மைதானமே கை தட்டியது. நானும் கத்தினேன். அவ்வளவு சந்தோஷம்.

போகிறவர்கள் பெப்ரவரியில் போங்கள், ஸ்வெட்டர் கட்டாயம். திரும்பிவர அன்றைக்குப் பஸ் கிடைக்காது, தங்க இடம் பார்த்துக்கொள்ளுங்கள். சாரதியிடம் "இருட்டில்" என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சசியின் அறிக்கை போய்ச் சேர்ந்துவிட்டது. கடைசிப் பக்கத்தில், பேராசிரியர்களுக்கும் மேலே, முதல் வரி இது: லைட்டை அணைத்த இருபத்திரண்டு வீடுகளுக்கு நன்றி.