பெரியப்பாவின் நெற்றி

மீனுக்கு உடம்பு சரியில்லை என்றால் முதலில் மீனைப் பார்க்கக் கூடாது, தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும் என்பது தொட்டியக்காவின் கட்சி. அந்தக் கட்சிக்குத் தலைவியும் அவள்தான், தொண்டரும் அவள்தான். கண்ணாடித் தொட்டி செய்து கொடுப்பது, கழுவிக் கொடுப்பது, மீனுக்கு நோய் வந்தால் மருந்து கொடுப்பது எல்லாம் அவள் வேலை. யாராவது போன் போட்டு, "அக்கா, மீன் ஒரு மாதிரியா இருக்கு" என்று இழுத்தால், "தண்ணி எப்ப மாத்துனீங்க?" என்று கேட்பாள். மறுமுனையில் விரல் விட்டு நாளை எண்ண ஆரம்பிப்பார்கள். பாதி நோய் அங்கேயே பிடிபட்டுவிடும்.

"மனுசனுக்கு வலிச்சா வாயைத் திறந்து கத்துவான். அது என்ன செய்யும் பாவம்? நீங்கதான் நேரத்துல பாக்கணும்" என்று பெரிய மனிதர்களைக்கூட நிறுத்தி வைத்துத் திட்டுவாள். இவ்வளவு கறாரானவளின் வாயில் ஒரு கடைவாய்ப் பல் சொத்தையாகி வருடம் ஒன்றாகிறது. கிராம்பைக் கடித்துக் கடித்து ஒப்பேற்றி வருகிறாள். இதில் வேடிக்கை என்னவென்றால், வாரம் தவறாமல் பல் ஆஸ்பத்திரிக்குப் போகிறவள் அவள். ஆனால் போவது ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு டாக்டரும் இருக்க மாட்டார், நோயாளியும் இருக்க மாட்டார். கூடத்தின் நடுவில் தொட்டியில் கிடக்கும் பெரியப்பா மட்டும்தான் இருப்பார்.

பெரியப்பா என்பது ஒரு சிவப்பு வால் கெளுத்தி. கருத்த முதுகு, வெளுத்த வயிறு, தட்டையான பெரிய தலை, வாயைச் சுற்றி நீள நீளமாக மீசை. கல்யாண வீட்டில் பந்தி சரியில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியப்பாவைப் போலவே இருப்பார். அதனால்தான் அந்தப் பெயர். தொட்டியக்கா இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் விரல் நீளத்தில் வாங்கி வந்து அந்த ஆஸ்பத்திரித் தொட்டியில் விட்ட மீன் அது. இன்றைக்கு அவளுடைய கை நீளத்தைத் தாண்டிவிட்டது. பெற்ற பிள்ளைகள் இருவரும் வெளியூரில் வேலைக்குப் போய்விட்டார்கள். கண் பார்வையில் வளர்ந்தது என்று மிச்சமிருப்பது இது ஒன்றுதான்.

ஆனால் அவள் நீல வாளியோடு கூடத்துக்குள் நுழைந்தால் போதும், பெரியப்பா மூலையில் போய் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வாளி, ரப்பர் கையுறை, முழங்கால் வரை பூட்ஸ் எல்லாம் சேர்ந்து வந்தால் மருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியும். "வளர்த்த கடா மார்புல பாயும்பாங்க, இது பாயக்கூட மாட்டேங்குது" என்று அவள் கணவனிடம் சிரித்துக்கொண்டே சொல்வாள். சிரித்தாலும் மனசுக்குள் சுருக்கென்று இருக்கும்.

பழைய தொட்டி அவருக்குச் சட்டை பத்தாத கதையாகிவிட்டதால், அந்த வருடத் தொடக்கத்தில் புதிதாக ஒன்றைக் கட்டிக் கொடுத்தாள். இடுப்பளவு உயரம், மேலே மூடியில்லை, பார்த்தால் சின்னக் குளம் மாதிரி இருக்கும். அதற்கப்புறம்தான் சனி பிடித்தது. பெரியப்பாவின் நெற்றியில் ஒரு வெள்ளைத் திட்டு வந்தது. தோல் மங்கி, பஞ்சு ஒட்டியது போல் ஆகி, மெல்ல முதுகுப் பக்கம் இறங்கியது.

கெளுத்திக்குச் செதில் கிடையாது. வழுவழுப்பான கோழைதான் அதற்குச் சட்டை, குடை எல்லாம். மற்ற மீனுக்குப் போடும் மருந்தை அதே அளவில் போட்டால் வெந்துவிடும். அதனால் தொட்டியக்கா அவரை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தியம் பார்த்தாள். மார்புத் துடுப்பு முள் வலையில் சிக்கிக்கொள்ளும் என்று, நனைத்த தார்ப்பாயில் ஏந்தி, கணவன் ஓட்டும் பள்ளிக்கூட வேனின் பின்பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் விட்டு ஏற்றி வந்தாள். குளியலறையை முழுசாக அடைத்துக்கொண்டு பெரியப்பா குடியேறினார். வேன்காரர் பக்கத்து வீட்டில் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டியபடி வருவார்.

"ஏம்மா, நம்ம கல்யாணத்துக்கு வந்த சொந்தம்கூட இத்தனை நாள் தங்கலையே."

"சத்தம் போடாதீங்க. அவருக்கு வெளிச்சமும் சத்தமும் ஆகாது."

பாதியளவு நீல மருந்து, தினமும் புதுத் தண்ணீர், இருட்டு, ஓய்வு. திட்டு ஆறிவிட்டது. கொண்டுபோய் விட்டாள். கொஞ்ச நாளில் அதே நெற்றியில் அதே திட்டு. மறுபடியும் தார்ப்பாய், வேன், குளியலறை. மறுபடியும் ஆறியது. விட்டதும் மறுபடியும் வந்தது. மூன்றாவது முறையாகக் குளியலறைக்குக் கொண்டுவந்தாள்.

பல் டாக்டர் நல்ல பெண். வயதில் சின்னவள், வாய் நிறைய அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவளே போனில் தயங்கித் தயங்கிப் பேசினாள். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. ஆஸ்பத்திரியில வச்ச மீனுக்கே சொறின்னா, வர்றவங்க என்ன நினைப்பாங்க? எனக்குத் தெரிஞ்சவங்க தோட்டத்துல பெரிய குளம் இருக்கு. தூரம்தான். இந்தத் தடவை குணமாக்கிக் கொண்டுவாங்க. திரும்பவும் வந்துச்சுன்னா அங்க அனுப்பிடலாம்."

"சரிம்மா" என்றுதான் சொன்னாள். போனை வைத்ததும் குளியலறைக் கதவில் சாய்ந்து நின்றாள். அவ்வளவு தூரத்துக் குளத்தில் யார் அவரைப் பார்ப்பார்கள்? சேற்றுக்கடியில் கிடப்பவருக்கு நெற்றி வெளுத்தால் யாருக்குத் தெரியும்? அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அழுது முடித்து வேலையில் இறங்கினாள். திட்டின் ஓரத்தைக் கண்ணாடிச் சில்லால் மெல்லச் சுரண்டி, பழைய சாமான் கடையில் வாங்கிய மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். பூஞ்சை நூல் இருந்தது. ஆனால் பூஞ்சை திறந்த வீட்டுக்குள் நுழைகிற விருந்தாளி. கதவைத் திறந்து விட்டது வேறு யாரோ. ஒட்டுண்ணி ஒன்றுகூட இல்லை. ஆஸ்பத்திரித் தொட்டித் தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டுவந்து சோதித்தாள். குறையே இல்லை. கண்ணாடி ஒட்டிய பசையைச் சந்தேகப்பட்டாள். பசை குற்றவாளி என்றால் உடம்பு முழுக்க வர வேண்டும். ஹீட்டரில் சுட்டிருந்தால் விலாவில் வரும். கல்லில் உரசியிருந்தால் மூக்கில் வரும். மீசை, வயிறு, வால் எல்லாம் பளபளவென்று இருக்க, நெற்றிக்கு மட்டும் யார் செய்வினை வைத்தது?

"தீனி அதே தீனி, தண்ணி அதே தண்ணி" என்று சாப்பிடும்போது புலம்பினாள். "இங்க ஆறுது, அங்க வருது. அங்க இருந்து இங்க இல்லாதது என்னங்க?"

வேன்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "பல்லு வலிக்காரங்கதான்" என்றார்.

அவர் கிண்டலுக்குத்தான் சொன்னார். அவள் பிசைந்த கையோடு எழுந்து நின்றுவிட்டாள். இத்தனை வருடத்தில் ஆள் நடமாடும் நாளில் அந்தக் கூடத்தை அவள் பார்த்ததே இல்லை!

திட்டு ஆறியதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவைக் கொண்டுபோய் விட்டாள். திங்கள் காலை வாளியும் பூட்ஸும் இல்லாமல், நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போய்க் கூடத்தில் நோயாளிகளோடு நோயாளியாக உட்கார்ந்தாள். வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணுக்கு அவளை அடையாளமே தெரியவில்லை. "பல்லு வலியாம்மா?" என்று கேட்டு டோக்கனைக் கையில் திணித்துவிட்டாள்.

கூடத்தில் நடந்ததைப் பார்க்க அவளுக்கு இரண்டு கண் போதவில்லை. அவளைக் கண்டால் மூலைக்கு ஓடுகிற பெரியப்பா, மேலே மிதந்து வந்து தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். கன்னம் வீங்கிய ஒரு தடியர், பிடுங்கப் போகும் பயத்தில் வெலவெலத்துப் போய்த் தொட்டியருகே வந்தார். பெரியப்பா அவர் விரல்களை மீசையால் துழாவினார். அந்த மனிதர் நெற்றியைத் தடவிக் கொடுத்து, "நீதான் காப்பாத்தணும்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். வந்த ஒவ்வொருவரும் அப்படித்தான் செய்தார்கள். உள்ளே போகுமுன் ஒரு தடவல், வெளியே வந்ததும் ஒரு தடவல். தனக்குக் கிடைக்காத செல்லமெல்லாம் ஊருக்கே கிடைக்கிறதே என்று முதலில் அவளுக்குப் பொறாமையாக இருந்தது. பிறகு பெருமை பிடிபடவில்லை.

அப்புறம்தான் அதைக் கவனித்தாள். தொடுவதற்கு முன் எல்லோரும் ஒரு பலகையைப் படித்தார்கள். 'பெரியப்பாவைத் தொடும் முன் கைகளைச் சுத்தம் செய்யவும்.' மூடியில்லாத தொட்டி என்பதால் அவளே எழுதி மாட்டிய பலகை. படித்துவிட்டு, பக்கத்தில் இருந்த பாட்டிலை இரண்டு அமுக்கு அமுக்கி, ஸ்பிரிட் மருந்தைக் கையில் தேய்த்துக்கொண்டு, அது காய்வதற்குள் அந்த ஈரக்கையால் நெற்றியைத் தடவினார்கள். மீன் வளர்க்கிறவர்களுக்குச் சுத்தம் என்றால் வெறும் தண்ணீரில் கழுவிய கை. பல் ஆஸ்பத்திரியில் சுத்தம் என்றால் ஸ்பிரிட். யார்மேலும் குற்றமில்லை. அவள் சொன்னதை மனிதர்கள் அட்சரம் பிசகாமல் கேட்டிருக்கிறார்கள். அதில்தான் பெரியப்பாவின் கோழைச் சட்டை நாள்தோறும் கிழிந்து வந்திருக்கிறது.

"ஐயையோ, நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டே ஓடிப்போய்ப் பலகையைப் பிடுங்கினாள். சத்தம் கேட்டு டாக்டர் முகமூடியோடு வெளியே வந்தாள்.

"அக்கா! நீங்களா?"

"நான்தாம்மா. நோயை நானே எழுதி மாட்டியிருக்கேன்!"

விஷயத்தைக் கேட்டதும் டாக்டருக்கு முகம் சுருங்கிவிட்டது. "உள்ளே போய்ட்டு வர்றப்ப எல்லாம் நானும் ஸ்பிரிட் கையாலதானே தடவுனேன். பாவி நான்."

"நீங்க ஒரு பங்குதாம்மா. பலகை என்னோடது."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சிரித்துவிட்டார்கள். சிரித்த வாய்க்குள் டாக்டரின் கண் போனது. தொழில் புத்தி சும்மா இருக்குமா? "வாயை இன்னும் கொஞ்சம் திறங்க. அடப்பாவமே! இதை வச்சுக்கிட்டா ஊர்ல எல்லாரையும் திட்டிக்கிட்டுத் திரியறீங்க?"

"நான் மீனைப் பாக்கத்தான் வந்தேன்" என்று தொட்டியக்கா வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"சரி, ஒரு ஒப்பந்தம். ஸ்பிரிட் பாட்டிலை வாசலுக்கு மாத்திடறேன். தொட்டிகிட்ட ஒரு குழாய் வைக்கலாம். திட்டு திரும்ப வராம நெத்தி பழையபடி கருத்துடுச்சுன்னா பெரியப்பா எங்கேயும் போக மாட்டார். அன்னைக்கு உங்க பல்லு எனக்கு."

குழாய் வந்தது. புதுப் பலகையில் அவள் வெறும் தண்ணீர் என்று எழுதி, அதன் கீழே மூன்று கோடும் போட்டாள். ஞாயிறுதோறும் போய்ப் பார்ப்பாள். திட்டு திரும்பி வரவில்லை. நெற்றி கருகருவென்று மின்ன ஆரம்பித்தது. ஒவ்வொரு வாரமும் அவளுக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், பல்லை நினைத்துப் பயம் ஒரு பக்கம். கடைசியில் வேன்காரரே டோக்கன் சொல்லிவைத்து, அவளைக் கொண்டுவந்து கூடத்தில் உட்கார வைத்தார்.

பெரியப்பாவைத் தார்ப்பாயில் தூக்கிய கை அன்றைக்கு டோக்கனைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தது. உள்ளே ஏதோ கருவி கிர்ரென்றது. எழுந்து வீட்டுக்கு ஓடிவிடலாமா என்று வாசலைப் பார்த்தாள். வேன்காரர் வாசலை மறித்துக்கொண்டு நின்றிருந்தார்.

போக வேறு இடமில்லாமல் தொட்டிப் பக்கம் போனாள். குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். அவரை அவள் கையுறை இல்லாமல் தொட்டதே கிடையாது. மூலைக்கு ஓடிவிடுவாரோ என்று பயந்து பயந்து விரல்களைத் தண்ணீரில் வைத்தாள். பெரியப்பா அடியிலிருந்து மெல்ல எழுந்தார். மீசையை நீட்டி ஒவ்வொரு விரலாகத் துழாவினார். பிறகு, அவள் காப்பாற்றிக் கொடுத்த அந்த நெற்றியை அவள் உள்ளங்கைக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டு அப்படியே நின்றார்.

அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. வரவேற்பு மேசைப் பெண் பதறிப்போய், "ரொம்ப வலிக்குதாக்கா?" என்று ஓடி வந்தாள்.

"இல்லம்மா, இல்ல" என்றாள் தொட்டியக்கா. "டாக்டர்கிட்ட ஒரு நிமிசம் பொறுக்கச் சொல்லு. பெரியப்பா பேசிக்கிட்டிருக்கார்."