நாற்பத்தோரு வீட்டின் தபால்காரி

அமெரிக்காவுக்கு வந்து பிஸ்கட்டவேயில் நாங்கள் முதலில் குடியிருந்த அபார்ட்மெண்டின் கீழ்வீட்டுக்காரர் ஹலினா. பெலாரஸ் நாட்டவர், வயது எழுபத்து நான்கு. கிரினித்சா என்ற சின்ன ஊரில் பதினாறு வருஷம் தபால் கொடுத்தவர். அந்த ஊர் இப்போது இல்லை. அவர் வளர்த்த என் மகள் அதிதி இருக்கிறாள், காலேஜில் இரண்டாம் வருஷம்.

அதிதி பிறந்தபோது என் மாமியாருக்கு விசா கிடைக்கவில்லை. டேகேரில் எட்டு மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். என் மனைவி சாந்தாமணிக்கு லீவு முடிந்துவிட்டது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டிலேயே நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். ஹலினா கதவைத் திறந்து, கையை நீட்டி, குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான் இன்டர்வியூ. அதிதி பேசிய முதல் வார்த்தை அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. "புல்பா." அவர்கள் மொழியில் உருளைக்கிழங்கு.

பிறகு எனக்கு வேலை போய் ஐந்து மாதம் வீட்டில் இருந்தேன். குழந்தையை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "மடியில குழந்தைய வச்சுக்கிட்டு எவன்டா வேலை தேடுவான்?" என்ற அர்த்தத்தில் ஹலினா இங்கிலீஷில் ஏதோ சொல்லி, குழந்தையோடு கதவைச் சாத்திக்கொண்டார். இதையெல்லாம் சொல்லக் காரணம் இருக்கிறது. அப்படிப்பட்டவருக்கு நான் செய்த கைம்மாறைச் சொல்லப்போகிறேன்.

உருளைக்கிழங்கு தோலை உரித்துக்கொண்டே அவர் ஊர்க்கதை சொல்வார். ஏழு குடும்பங்கள் காட்டை வெட்டி உண்டாக்கிய ஊர். மணல் மண், ஒரே தெரு, இரண்டு பக்கமும் மரவீடுகள். யுத்தத்தில் ஜெர்மன்காரர்கள் கொளுத்தினார்கள். ஊர் ஜனங்கள் இரண்டு வருஷம் காட்டுக்குள் குழி வெட்டிக் குடியிருந்து, திரும்பி வந்து, அதே இடத்தில் அதே வரிசையில் வீடு கட்டினார்கள். எண்பத்தாறில், எல்லைக்கு அப்பால் அணு உலை வெடித்த மறுவாரம், பஸ்கள் வந்தன. மூன்று நாளில் திரும்பலாம் என்றார்கள். ஹலினாவின் தபால் பையில் ஆறு கடிதங்கள் மிச்சம் இருந்தன. ஓடும் பஸ்ஸில் நடந்து நடந்து அவற்றை உரியவர்களிடம் கொடுத்து முடித்தாராம். யாரும் திரும்பவில்லை. வீடுகளை இடித்துக் குழியில் தள்ளி மண் போட்டு மூடிவிட்டார்கள். இடுகாடு மட்டும் மிச்சம்.

அந்த ஊரில் பாதிப் பேருக்கு மேல் கவல்ச்சுக் என்றே குடும்பப் பெயர். பிள்ளைக்குத் தாத்தா பெயரை வைப்பதால் தகப்பன் பெயரைச் சேர்த்தாலும் குழப்பம் தீராது. அதனால் வீட்டுக்கு வீடு பட்டப்பெயர். தவளை, குளவி, ரேடியோ, அரைப்படி. முதல் ரேடியோ வாங்கியது ஹலினாவின் அப்பா மிகோலா. வெளியூர்க்காரருக்கு மட்டும் பட்டப்பெயர் கிடையாது. பதினோரு வருஷம் பாடம் நடத்திய வாத்தியாருக்கே கிடைக்கவில்லையாம்.

சிதறிப் போனவர்கள் சேர்ந்து, இந்த வருஷம் அந்த இடுகாட்டில் ஒரு கல் நடத் தீர்மானித்தார்கள். நாற்பத்தோரு வீட்டுத் தலைவர்களின் பெயர்களும் அதில் வர வேண்டும். ஈஸ்டர் கழிந்த ஒன்பதாம் நாள் ரதுனித்சா. பெரியவர்களின் சமாதியில் துணி விரித்து, முட்டையும் ரொட்டியும் வைத்துச் சாப்பிடும் நாள். அதற்குள் கல் நின்றாக வேண்டும். பட்டியலைத் தபால்காரியிடம்தானே கேட்பார்கள்? ஹலினா தன் பழைய தபால் நோட்டைப் பார்த்து வாசித்தார், நான் லேப்டாப்பில் அடித்தேன். மறுவாரம் அவருக்குக் கண்புரை ஆபரேஷன். "சரிபார்த்து நீயே அனுப்பிடு" என்றார்.

நான் மருந்துக் கம்பெனிகளுக்கு இருபது வருஷமாக டேட்டாவைச் சுத்தம் செய்கிறேன். ஒரே ஆள் இரண்டு தடவை வந்தால் ஒன்றைத் தூக்க வேண்டும். சமாதிக் கல்லில் போய்த் தவளை என்றா எழுதுவார்கள் என்று பட்டப்பெயர்ப் பத்தியை எடுத்தேன். எடுத்ததும் ஒரே மாதிரி வரிகளாகத் தெரிந்தன. வயசானவர், சொன்னதையே சொல்லியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். ஒரு பட்டனைத் தட்டினேன். நாற்பத்தொன்று இருபத்து நான்காயிற்று. அதை அப்படியே சேவ் செய்து, அங்கே கல் வேலையைக் கவனிக்கும் வாசிலுக்கு அனுப்பிவிட்டேன். என் ஊரிலேயே என் வகுப்பில் மூன்று கிட்டுசாமி இருந்தோம், என்னை ஒல்லிக் கிட்டு என்பார்கள். அப்படியும் எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை.

ஆபரேஷன் முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலை மூவரும் அவரைப் பார்க்கப் போனோம். பட்டியலை ஒரு தடவை வாசிக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நான்காவது பெயரில் கையை உயர்த்தினார்.

"நில்லு. நாலாவது வீட்டைத் தாண்டிட்டே."

"மிகோலா கவல்ச்சுக் முதல்லயே வந்துட்டாரே."

"அது தவளை மிகோலா. எங்கப்பா எங்கே?"

பழைய பட்டியல் லேப்டாப்பில் இல்லை, சேவ் செய்தபோதே போய்விட்டது. மறுநாள் காலை அங்கே சிற்பி உளியை எடுத்துவிடுவார். நோட்டு இருந்தது, ஆனால் எங்கள் மூவருக்கும் அவர்கள் எழுத்துத் தெரியாது, அவருக்கோ ஒரு கண்ணில் கட்டு, மற்றதில் புரை. நான் செய்ததைச் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. எழுந்து போய்க் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். பிறகு ஹாலின் இந்தக் கோடியிலிருந்து நடக்க ஆரம்பித்தார். இடது பக்கம் ஒரு வீடு, வலது பக்கம் ஒரு வீடு. நிற்பார், கையை நீட்டுவார், பெயரைச் சொல்வார், பட்டப்பெயரைச் சொல்வார். அதிதி கூடவே நடந்து எழுதினாள். சோபாவைச் சுற்றி மூன்று நடை. நாற்பத்தொன்றாவது வீட்டில் பையை இறக்கி வைத்தார்.

"ஏனுங்க, இந்தவாட்டி ஒண்ணையும் க்ளீன் பண்ணாதீங்க. அப்படியே அனுப்புங்க" என்றாள் சாந்தாமணி.

உடனே வாசிலை வீடியோவில் கூப்பிட்டோம். அங்கே சாயங்காலம், கல் இன்னும் வெறும் கல்லாகத்தான் இருந்தது. தன் தாத்தா வீடும் வரிசையில் விடுபட்டதை அவர் பார்த்தாராம். எழுபத்தெட்டில் இரண்டு வீட்டுக்கும் ஒரு பசுமாட்டுத் தகராறு, ஹலினாவுக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டாராம். ஹலினா கண்ணில் கட்டுடன் சிரித்த சிரிப்பில் எனக்குப் போன உயிர் வந்தது.

ரதுனித்சா அன்று காலையில் உழு, மதியம் அழு, மாலையில் ஆடு என்று அவர்கள் ஊரில் பழமொழி. உழ நிலம் இல்லாததால் மற்ற இரண்டையும் ஹலினாவின் வீட்டில் செய்தோம். வாசில் வீடியோவில் கல்லைக் காட்டினார். நாற்பத்தோரு பெயர், பக்கத்தில் பட்டப்பெயர். ஹலினா போனை மூக்கருகே கொண்டுபோய் நாலாவது வரியை விரலால் தொட்டார். வெகுநேரம் விரலை எடுக்கவில்லை.

பிறகு வாசிலைச் சுற்றி நின்ற ஊர்க்காரர்கள், முதல் பட்டியலை அனுப்பியவர் யார் என்று கேட்டார்கள். ஹலினா என் தோளில் கை வைத்து ஏதோ சொன்னார். "கித்து, ஹும்கா" என்பது மட்டும் காதில் விழுந்தது. கித்து என்றால் அவர் வாயில் கிட்டு, நான்தான். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. எங்களுக்கு விளங்கவில்லை. அதிதிக்கு விளங்கியது, அவள் அந்த மடியில் வளர்ந்தவள்.

"அப்பா, ஹும்கா மீன்ஸ் இரேசர். ஷி கேவ் யூ அ நேம்."

பதினோரு வருஷம் இருந்த வாத்தியாருக்குக் கிடைக்காதது, அழித்த எனக்குக் கிடைத்திருக்கிறது.