நரம்பை இழுத்த பெட்டி

அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: அப்பா, அம்மா, சித்தப்பா, சேலத்திலிருந்து வந்திருந்த மாமா, பக்கத்து எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர், அவர் சம்சாரம், மேல்வீட்டுப் பெரியப்பா, பெரியம்மா, நான், என் தம்பி. தம்பி பாதியிலேயே தூங்கிவிட்டான். ஆனாலும் இருந்தவன் இருந்தவன்தான். இத்தனை பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கரண்டு மெயினை அணைத்துவிட்டு, ஓடாத டி.வி.யை ஒரு முழுப்படம் ஓடுகிற நேரத்துக்குப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். யாரும் வாய் திறக்கவில்லை. பேசினால் சோதனை கெட்டுப்போகும் என்று மாமா சொல்லியிருந்தார்.

எப்படி அந்த நிலைக்கு வந்தோம் என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எங்கள் குடும்பத்தைத் தப்பாக நினைத்துக்கொள்வீர்கள்.

ஏற்காட்டு மலையில், வெள்ளக்கடைக்கு மேலே எங்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருந்தது. ஒரு வருஷம் காப்பிக்கு நல்ல விலை கிடைத்தது. அம்மா ஒழுகுகிற கூரைக்கு ஓடு மாற்றச் சொன்னாள். அப்பா சேலத்துக்குப் போய் ஒரு கறுப்பு வெள்ளை டி.வி. வாங்கி, அதை ஜீப்பில் மடியிலேயே வைத்துக்கொண்டு மலை ஏறி வந்தார். சித்தப்பா சில்வர் ஓக் மரத்தில் ஆண்டெனா கட்டினார். காற்றடித்தால் படம் ஆடும், சித்தப்பா மரமேறுவார். அவர் பாதிப் படங்களை மரத்தின் மேலிருந்து, நாங்கள் கத்திச் சொல்லக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்.

ஞாயிறானால் மதியத்திலிருந்தே ஆள் வரத் தொடங்கும். நடைவழியெல்லாம் சேற்றுக்கால். வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்காமல் அனுப்பினால் மலையில் அது பெரிய தலைகுனிவு. அம்மா அடுப்படியில் நின்று ஊற்றிக்கொண்டே இருப்பாள், கழுவிக்கொண்டே இருப்பாள். டி.வி. வந்து ஒரு வருஷமாகியும் அவள் ஒரு படத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை. பாட்டுகளை மட்டும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டிருக்கிறாள்.

காப்பி என்றால் இன்றைக்கு நீங்கள் குடிக்கிற காப்பி இல்லை. பழத்தை உலர்த்தி இடித்தால் கொட்டை தனியாக, தொலி தனியாக வரும். கொட்டை வியாபாரிக்கு, தொலி எங்களுக்கு. அந்தத் தொலியை வெல்லம் போட்டுக் கொதிக்கவைத்தால் சிவப்பாக, சாதுவாக ஒன்று வரும். அதைத்தான் பரம்பரையாகக் காப்பி என்று குடித்துவந்தோம். தோட்டம் முழுக்கக் காப்பி விளைந்தும் கொட்டையின் ருசி எங்களில் யாருக்கும் தெரியாது. விற்கிற பொருளைத் தின்பது ஊதாரித்தனம்.

மாமா, அம்மாவின் அண்ணன், சேலத்தில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தார். டி.வி.யை முதல்முறை பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“மாப்ள, இது வெறும் படமில்லீங்க. மினுக்கிட்டே இருக்குது. கண்ணுக்குத் தெரியாது, நரம்புக்குத் தெரியும். அந்த மினுக்கல வச்சே எங்கியோ ஒருத்தன் உக்காந்துட்டு உங்க நரம்ப இழுக்கலாம், உடலாம்.”

“என்ற நரம்ப இழுத்து அவன் என்னத்த பண்ணப் போறான் மச்சான், மூட்டையா கட்டப் போறான்?” என்றார் அப்பா.

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள்.

“ஏனுங்ணா, நரம்பு இழுத்தா என்னென்ன பண்ணும்?”

“தூக்கம் போயிரும். கை நடுங்கும். நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும்.”

“இன்னொருக்கா சொல்லுங்ணா” என்று கேட்டுக்கொண்டு அம்மா உள்ளே போனாள்.

அடுத்த ஞாயிறு வீடெல்லாம் புது வாசம். அம்மா கொட்டையை வறுத்து, இடித்து, கருகருவென்று ஒரு தவலை காப்பி போட்டிருந்தாள். “வருசம் முச்சூடும் தொலியத்தான குடிக்கறோம், ஒருநாளைக்கு நல்லதக் குடிக்கட்டும்” என்றாள். கசந்தாலும் ஓசிக் கொட்டை என்பதால் எல்லோரும் இரண்டு டம்ளர், மூன்று டம்ளர் என்று இறக்கினார்கள். எனக்கும் தம்பிக்கும் ராகிக் கஞ்சிதான்.

மறுநாள் காலையில் பெரியப்பா சிவந்த கண்ணோடு வந்து நின்றார். விடிய விடியப் பொட்டுத் தூக்கமில்லை, நெஞ்சுக்குள் ஆட்டுக்குட்டி துள்ளுகிறது என்றார். ரைட்டர் சம்சாரத்துக்கும் அப்படியே. அப்பா சவரம் பண்ணும்போது கை ஆடித் தாடையைக் கிழித்துக்கொண்டு, அதை யாருக்கும் காட்டாமல் துண்டால் மூடிக்கொண்டு திரிந்தார். அம்மா மாமாவுக்குச் சொல்லி அனுப்பினாள்.

அப்பா லேசில் விடவில்லை. மறுவாரம் டி.வி.யின் மேல் கம்பளியைப் போர்த்தி, பாட்டை மட்டும் கேட்டோம். வந்தவர்கள் பாவம் என்று அம்மா அன்றைக்கும் கொட்டைக் காப்பியே கொடுத்தாள். மறுபடியும் யாருக்கும் தூக்கமில்லை. கம்பளியைத் துளைத்துக்கொண்டு வருகிறது என்று முடிவாயிற்று. அதற்குப் பிறகுதான் மெயினை அணைத்துவைத்த அந்தக் கடைசிச் சோதனை. மாமாவும் கூட உட்கார்ந்து, அவரும் மூன்று டம்ளர் குடித்தார்.

காலையில் மாமாவின் கையும் நடுங்கியது. ஆனால் அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

“கரண்டே இல்லாம எப்பிடீங்க இழுக்கும்?” என்று ரைட்டர் கேட்டார்.

“ஊறுகா ஜாடியக் கழுவிக் கவுத்தாலும் வாசம் போகுதுங்களா? உள்ள ஊறிக் கெடக்குதுங்க.”

ரைட்டர் படித்தவர். அவரே யோசித்துவிட்டு, ஆமாம் என்றார்.

இத்தனைக்கும் நடுவில் என் கவலையை யாரும் கேட்கவில்லை. மூன்று வாரமும் நான் அடித்துப்போட்டது போலத் தூங்கினேன். தண்ணீர் நிறைந்த டம்ளரை நீட்டிப் பிடித்துப் பார்த்தேன், ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அப்படியானால் எனக்கு நரம்பே இல்லையோ? நரம்பைப் பற்றிய பாடம் எட்டாவதில் வருமாம். அப்போது நான் ஐந்தாவது, பிற்பாடு ஏழோடு நின்றுவிட்டேன், ஆகவே அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவைக்கவும் ஆளில்லாமல் போயிற்று. அன்று பயந்து பயந்து மாமாவிடமே கேட்டேன்.

“உனக்கு நரம்பு இன்னும் முத்தல கண்ணு” என்றார் அவர். “ஆனா ஏறிட்டுத்தான் இருக்கும். ஒருநாளைக்கு மொத்தமா வந்து காட்டும் பாரு.”

ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னார். நான் அந்த ஒருநாளுக்காக வருஷக்கணக்கில் காத்திருந்தேன்.

அப்பா தோற்றுப்போனார். ஏற்காடு பஜாரில் ஒரு லாட்ஜ்காரர், வந்து தங்குகிறவர்களின் நரம்பைப் பற்றிக் கவலைப்படாதவர், ஆயிரத்து ஐந்நூறுக்குப் பெட்டியைக் கேட்டார். ஆயிரத்தைக் கையில் கொடுத்து, மீதியை சீசன் முடிந்து தருவதாகச் சொன்னார். ஆயிரத்துக்கு அம்மா ஓடு வாங்கினாள். அந்த ஞாயிறே எங்கள் வீட்டில் தொலிக் காப்பி திரும்பிவிட்டது, அதுவும் எங்களுக்கு மட்டும். எல்லோருக்கும் தூக்கம் வந்தது. பெட்டி போனதும் வூடே அடங்கிப்போச்சு என்று பெரியம்மா சொல்லச் சொல்ல, அம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

எனக்குக் கல்யாணமாகி, போன இடத்தில் விருந்து என்று கொட்டைக் காப்பியை மூன்று டம்ளர் கொடுத்தார்கள். அந்த வீட்டில் டி.வி.யே கிடையாது. விடிய விடியக் கை நடுங்க, நெஞ்சு படபடக்க விழித்துக் கிடந்தேன். முதலில், எனக்கும் நரம்பு இருக்கிறது என்ற சந்தோஷம்தான் வந்தது. அம்மாவின் தவலை நினைவுக்கு வர விடியற்காலை ஆகிவிட்டது.

ஒன்று மட்டும் சின்ன வயதில் எனக்கு விளங்கவே இல்லை. இரவல் கொடுத்த ஒரு படி ராகியைத் திருப்பிக் கேட்கக் கிளியூர் வரைக்கும் நடக்கிற அம்மா, பஜாரில் அந்த லாட்ஜ்காரரைக் கண்டால் மட்டும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு அடுத்த பக்கம் போய்விடுவாள். ஒருமுறை நான் கையைப் பிடித்து இழுத்தேன், “கேளும்மா, மிச்சக் காசக் கேளு” என்று.

“சும்மா வா சாமி. கேட்டா, காசில்லீங்க, பெட்டியவே எடுத்துட்டுப் போங்கம்பான்.”

எங்கள் நரம்புக்காகத்தான் பயப்படுகிறாள் என்று நம்பி, நானும் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தேன். அந்த ஐந்நூறு ரூபாய் இன்னும் வரவில்லை.